பொன்னிழைச் சங்கத்தின் தலைவி

“ஆச்சி, இதுல உங்க நெலம் எதுங்க?”

கதிர் அறுக்க வந்த நீலாம்பாள் இதைக் கேட்டது ஒரு தை மாதத்துக் காலையில், களத்துமேட்டில். வழக்கமாக மோர்ப் பானையைத் தூக்கிவரும் ஆளுக்கு அன்று காய்ச்சல். அதனால் கமலாம்பாளே வந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்லைப் படலுக்கு அப்பால் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எதிரே கண்ணுக்கெட்டிய வரையில் பழுத்த நெல். பண்ணையார் வீட்டு அம்மா பேசாமல் நின்றுகொண்டே இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்று, மோர் வாங்கிக் குடித்த நீலாம்பாள் சும்மா கேட்டு வைத்தாள்.

“எல்லாம் நம்மளுதுதான்” என்றாள் கமலாம்பாள்.

“அதெல்லாம் ஐயாவோடதுங்க. உங்க அப்பாரு மஞ்சக்காணியாக் குடுத்தாருன்னு பேசிக்குவாங்களே, அதைக் கேட்டேன்.”

கமலாம்பாளுக்குத் தெரியவில்லை. கல்யாணத்தின்போது அப்பா மஞ்சள் காணியாக எட்டு மா நிலம் எழுதி வைத்தார் என்பது தெரியும். அந்த எட்டு மா கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா, மேடா பள்ளமா, ஒன்றும் தெரியாது. அன்று மத்தியானம் புருஷனுக்குப் பரிமாறும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“ஏன், விக்கப் போறியா?” என்றார் பஞ்சநதம்.

பந்தியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய அண்ணன் மனைவி சாவித்திரி, பாபநாசத்திலிருந்து வந்திருந்தவள், புரையேறும் வரை சிரித்தாள். கமலாம்பாளும் சிரித்துவிட்டு ரசம் ஊற்றினாள்.

அவள் சுபாவம் அப்படி. ஆறாம் வகுப்பு வரை படித்தாள். விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டாள். வாத்தியார் அடுத்த பெண்ணிடம் போனபிறகு மனசுக்குள் சரியான பதிலைச் சொல்லிக்கொள்வாள். பெரியவளானதும் படிப்பை நிறுத்தினார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீலாம்பாள் கேட்ட கேள்வி மட்டும் செருப்புக்குள் புகுந்த நெல்மணி மாதிரி அவளுடனேயே நடந்துகொண்டிருந்தது. தன் பெயரில் இருக்கிற நிலத்தை ஒரு தடவை காலால் மிதித்துப் பார்க்க வேண்டும், அது தன்னுடையது என்று வாய்விட்டு ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். பஞ்சநதத்தின் வீட்டில் அது பெரிய ஆசை.

*

நன்னிலத்துப் பக்கத்தில் ஆறு வேலி நஞ்சைக்குச் சொந்தக்காரர் பஞ்சநதம். சர்க்கார் நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்தபோது அவர் பதறவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஆறு வேலியையும் பிய்த்துப் பிய்த்து ஊர்ப்பட்ட பெயர்களில் எழுதினார். நெய்வேலியில் வேலை பார்க்கும் தம்பி பெயரில் கொஞ்சம், பாபநாசத்து அண்ணி பெயரில் கொஞ்சம், பிள்ளையாருக்குக் கொஞ்சம். காசிக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா ஒருவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு குழி நிலம்கூட யாரும் கொடுத்ததில்லை. அப்படியும் இரண்டு வேலி மிஞ்சிப் போயிற்று. உறவில் பெயர் தீர்ந்துவிட்டது. தொழுவத்தில் இருந்த காளைகளுக்கு மட்டும்தான் பட்டா இல்லை.

அப்போதுதான் வக்கீல் ஒரு சந்து கண்டுபிடித்தார். தொழிற்பயிர் விளைவித்து, அதில் உறுப்பினர்களே உழைத்துப் பொருள் செய்கிற கூட்டுறவுச் சங்கமாக இருந்தால், அந்த நிலத்துக்கு விலக்கு வாங்கலாம் என்றார். அப்படி ஒரு விலக்கு நிஜமாகவே இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள்.

“தொழிற்பயிர்னா? கரும்பா?” என்று கேட்டார் பஞ்சநதம்.

“கரும்புக்கு ஆலை வேணும். நாருப் பயிர் போடுங்க. புளிச்சை. கயிறு திரிக்கலாம், பாய்க்குப் பாவு நூல் ஓட்டலாம். குடிசைத் தொழில்னா கவர்மெண்டு உருகிடும்.”

பஞ்சநதம் முகத்தைச் சுளித்தார். புளிச்சை அவருக்குப் புதிதில்லை. வயலில் வேலை செய்கிற சனங்கள் வரப்போரமாக ஊன்றி வளர்ப்பது. இலையைக் கடைந்து தின்பார்கள், தண்டை ஊறவைத்துப் பட்டையை உரித்து நாரெடுப்பார்கள். பஞ்சநதத்தின் மாடுகளைக் கட்டியிருந்தது அந்தக் கயிறுதான். கதிர்க்கட்டுகளைக் கட்டியதும் அதுதான். அவர் முதுகை நீட்டிப் படுக்கிற கோரைப் பாயில் ஊடே ஓடியதும் அதுதான். முப்பது வருஷமாக அதன்மேல் படுத்துத் தூங்கியவர், அதன் பெயரை வாயால் சொன்னதில்லை.

ஆனியில் இரண்டு வேலியிலும் புளிச்சை விதைத்தார்கள். அந்த இரண்டு வேலிக்குள், அதாவது நாற்பது மாவுக்குள், கமலாம்பாளின் எட்டு மாவும் அடங்கியிருந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னது வேறு.

“நீதான் சங்கத்துக்குத் தலைவி. பொம்பளை தலைவின்னா ஆபீசருக்குப் புடிக்கும்னு வக்கீல் சொல்றாரு.”

“நான் என்னங்க செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதுக்குத்தானே உன்னைப் போட்டிருக்கோம்.”

உறவினர்கள் எல்லோரும் உறுப்பினர்கள் ஆனார்கள். சித்தப்பாவைச் சேர்க்கலாமா என்று பஞ்சநதம் கேட்டதற்கு வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நிஜமாக வேலை தெரிந்தவர்களும் பட்டியலில் இருந்தால்தான் நம்புவார்கள் என்று நீலாம்பாளையும் அவளோடு வேலைக்கு வருகிற ஐந்து பெண்களையும் கடைசியில் சேர்த்தார்கள். சங்கத்தின் விதிகளை வக்கீலே எழுதினார். ‘உழைக்கும் உறுப்பினர் அனைவருக்கும் நிலத்தில் சம பங்கு உண்டு’ என்று ஒரு வரி போட்டார். “இது எதுக்கு?” என்று பஞ்சநதம் கேட்டார். “சோபைக்கு. படிக்க அழகா இருக்கும்” என்றார் வக்கீல்.

*

சங்கத்துக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ‘புளிச்சை நார்ச் சங்கம்’ என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பஞ்சநதம் காகிதத்தைக் கசக்கிப் போட்டார். கீரைக்காரி கூவுகிற மாதிரி இருக்கிறது, இந்தப் பெயரை வைத்தால் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள் என்றார். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் சாமிதுரைக்குச் சொல்லியனுப்பினார்கள். சாமிதுரை மேடையில் ஏறினால் இறங்க மாட்டான். மேடை இல்லாவிட்டாலும் மேடையில் நிற்கிற மாதிரியேதான் பேசுவான்.

“அண்ணே, தண்டிலே தவழ்ந்து, தண்ணியிலே தவம் கிடந்து, தங்கமாத் தகதகக்கிற நாருக்குப் புளிச்சைன்னா பேரு வைப்பீங்க? பொன் மாதிரி இழை. பொன்னிழை! எப்படி இருக்கு?”

“அந்த நாரை நீ பாத்திருக்கியா சாமிதுரை?”

“பேரு வைக்கிறதுக்குப் பாக்கணுமாண்ணே?”

பெயர் சூட்டு விழா நடந்தது. மைக் செட், வாழை மரம், ஆள் உயர மாலை எல்லாம் வந்தன. பயிர் அப்போது முழங்கால் உயரம்தான் வளர்ந்திருந்தது. ‘பொன்னிழை உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம்’ என்று கறுப்பு சிவப்பு ஓரம் போட்ட பலகை, ஒரு கொட்டகை முன்னால் ஏறியது. விழாவில் எல்லோரும் பேசினார்கள். தலைவி மட்டும் பேசவில்லை. அவளை மேடையில் உட்காரவைக்க இடம் போதவில்லை. ஐப்பசியில் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது சாமிதுரை இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்து, பலகையின் ஓரத்தில் நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போனான். எந்தப் பக்கம் போனாலும் பலகை கூட வர வேண்டும் என்பது அவன் எண்ணம்.

பயிருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அது புளிச்சையாகவே வளர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேல் போய், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூவைப் பூத்தது. பூத்ததும் நீலாம்பாளின் ஆட்கள் அறுத்துக் கட்டி, வயலுக்கு நடுவே இருந்த குட்டையில் போட்டு, மேலே வாழை மரத்துண்டுகளைப் பாரம் வைத்து அமுக்கினார்கள். தண்டு தண்ணீரில் கிடந்து அழுக வேண்டும். அழுகினால்தான் பட்டை கழன்று நாராகும்.

அந்தச் சமயத்தில்தான் தாக்கீது வந்தது. உச்சவரம்புத் தாசில்தார் நேரில் வருவார், உறுப்பினர்கள் உழைக்கிறார்களா என்று பார்ப்பார்.

*

“எல்லாரும் கத்துக்கணும்” என்று பஞ்சநதம் உத்தரவு போட்டார். “குட்டையில எறங்கி உரிக்கணும். நம்ம ரெண்டு வேலி அதுலதான் இருக்கு.”

பாபநாசத்திலிருந்து சாவித்திரி வந்தாள். நெய்வேலித் தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். மச்சினர்கள், மாமன் மக்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருவதுபோல் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை வரிசையாகக் குட்டைக்குப் போனார்கள். பாதி வழியிலேயே வரிசை நின்றுவிட்டது.

அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வது! மழையில் நனைந்த வைக்கோல்போரை நாலு மாதம் மூடிவைத்துத் திறந்தமாதிரி ஒரு வாடை. அதோடு கூழ்முட்டை, சாக்கடை. அது மூக்கு வழியாக உள்ளே போவதோடு நிற்காது, நாக்கிலும் உட்காரும். சாவித்திரி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, “என் பேர்ல நெலம் இருந்துதான் ஆகணுமா?” என்று கேட்டாள்.

“எறங்குங்கண்ணி” என்றார் பஞ்சநதம். அவர் மட்டும் இறங்கவில்லை. கரையில் காற்றுக்கு எதிர்ப்புறமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து குடையைப் பிடித்துக்கொண்டார். அவர் உறுப்பினர் இல்லையாம், ஆலோசகராம்.

நீலாம்பாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று காட்டினாள். ஒரு தண்டை எடுத்து, அடிப்பக்கத்தைக் கட்டையால் தட்டி நசுக்கினாள். பட்டையைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். சர்ரென்று முழு நீளத்துக்கும் கழன்று வந்தது. உள்தட்டை வெள்ளையாக, பல் துலக்கின மாதிரி தனியாக நின்றது.

நெய்வேலித் தம்பி இழுத்தான். தண்டோடு சேர்ந்து அவனும் விழுந்தான். “நீச்சல் இல்லீங்க, உரிக்கிறதுதாங்க” என்றாள் கூட நின்ற ராஜாத்தி. பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீருக்குள் குனிந்துகொண்டார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் நின்றார்கள். நிலம் போய்விடும் என்ற பயத்தில் அந்தக் குடும்பம் முழுதும் ஒரு வாரம் குட்டையில் நின்றது. சாவித்திரி அழுதுகொண்டே உரித்தாள். உரித்துக்கொண்டே அழுதாள். அவள் இழுத்த நார் துண்டுதுண்டாக வந்தது. என்றாலும் அது நார்தான்.

கமலாம்பாள் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்கினாள். இரண்டாம் நாளில் ஒரு தண்டு முழுசாக உரிந்து வந்தது. கையில் நெடுநெடுவென்று தொங்கிய அதை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்றை எடுத்து இழுத்தாள். அதுவும் வந்தது. அதன்பிறகு அவளுக்கு நாற்றம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தது, ஆனால் அதன் மேல் கோபம் வரவில்லை. தான் இழுத்தால் ஒன்று முழுசாக வருகிறதே என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

வீட்டில்தான் கஷ்டம். முதல் நாளே பஞ்சநதம் சட்டம் போட்டுவிட்டார்.

“இந்தக் கையோட பூஜை அறைக்குப் போகாதே. தண்ணிப் பானையைத் தொடாதே. என் தட்டைத் தொடாதே. நாத்தம் போற வரைக்கும் இந்த வீட்ல நீ எதையும் தொடக்கூடாது, தெரியுதா?”

“சரிங்க” என்றாள் கமலாம்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு ஓய்வு கிடைத்ததில்லை.

பெண்கள் மத்தியானம் கரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒருநாள் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்து கேட்டாள்.

“நீலா, நீ ஒரு தடவை கேட்டியே... அந்த எட்டு மா. அது எதுன்னு உனக்குத் தெரியுமா?”

நீலாம்பாள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க உக்காந்திருக்கிறதே அதுலதாங்க ஆச்சி. அந்த நாவல் மரத்துலேருந்து இந்தக் குட்டை வரைக்கும். குட்டையும் சேத்தி. உங்க அப்பாரு வெட்டுனதுதான் இது.”

கமலாம்பாள் எழுந்து நின்றாள். காலடியில் பார்த்தாள். சேறு, உரித்த தட்டை, ஈ மொய்த்த நார்க் கழிவு. கண்ணுக்கு அழகாக ஒன்றும் இல்லை. நாவல் மரம் வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள். வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்த ராஜாத்தி, “ஆச்சிக்குச் சாமி கீமி வந்துருச்சா?” என்று நீலாம்பாளின் காதில் கேட்டாள்.

*

தாசில்தார் வருகிற நாள் விடிந்தது.

ஆபீசரைப் பார்க்கப் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரம்பரையாகப் பழக்கம். விடியற்காலையிலேயே கிணற்றடியில் கூட்டம். புளி போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார்கள், சீயக்காய், அப்புறம் வாசனை சோப்பு. ஒரு வாரத்து நாற்றத்தை ஒரே காலையில் ஓட்டுவதென்றால் சும்மாவா? சாவித்திரி தோல் உரிகிற மட்டும் தேய்த்தாள். அதற்கு மேல் சந்தனம், ஜவ்வாது. ஆண்கள் சலவை வேட்டி, பெண்கள் பட்டுக்கரைச் சேலை. கொட்டகையில் ஜமுக்காளம் விரித்து, ஆளுக்கு ஒரு நார்க்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நிச்சயதார்த்தம் நடக்கிற வீட்டில் தாம்பாளம் வைத்த மாதிரி இருந்தது.

“உழைப்பாளிங்க மாதிரி இருக்கோமா?” என்று நெய்வேலித் தம்பி கேட்டான்.

“கொஞ்சம் சோர்வாக் காட்டு” என்றார் வக்கீல்.

“தலைவி எங்கேடா?” என்று பஞ்சநதம் தேடினார். தலைவி குட்டையில் இருந்தாள். கரையோரக் கட்டுகள் நன்றாக ஊறிவிட்டன, இன்று உரிக்காவிட்டால் நார் கூழாகிவிடும் என்று நீலாம்பாள் முந்தின நாள் சொல்லியிருந்தாள். ஆபீசர் வருவதற்குள் முடித்துவிட்டுக் குளித்துக்கொள்ளலாம் என்று கமலாம்பாள் கணக்குப் போட்டிருந்தாள்.

தாசில்தார் ஜெய்னுலாபுதீன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஜீப் வாய்க்கால் மதகோரம் சேற்றில் சிக்கியதால், வீட்டு வழியாக வராமல் வரப்பு வழியாக நடந்தே வந்தார். அப்படி வந்தவர் முதலில் பார்த்தது குட்டையைத்தான். ஏழு பெண்கள் தண்ணீரில் நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தார். பிறகு, “முடிச்சுட்டுக் கொட்டகைக்கு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தார். கமலாம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. குளிக்க நேரமில்லை. சேலையைப் பிழிந்து விட்டுக்கொண்டு நீலாம்பாளின் முதுகுக்குப் பின்னால் மறைந்தபடியே போனாள்.

கொட்டகை வாசலில் சாமிதுரை மாலையோடு நின்றான். “வறியோர் வாழ, வயலோர் உயர, வாராது வந்த...” என்று ஆரம்பித்தான். தாசில்தார் மாலையைக் கையில் வாங்கி அவனிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். போனவர் நின்று, மூச்சை ஒரு தடவை இழுத்தார்.

“யாருக்காவது கல்யாணமா?”

“இல்லீங்க. எல்லாரும் உறுப்பினருங்க. உழைச்சுட்டு இருக்காங்க” என்றார் பஞ்சநதம்.

தாசில்தார் ஒரு கட்டைச் சுட்டிக்காட்டினார். “இது என்ன?”

“பொன்னிழை” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு வாரப் பாடம்.

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “எங்க ஆபீஸ்ல இந்தப் பயிரை மெஸ்டான்னு போட்டிருக்கான். சரி, அதை விடுங்க. எல்லாரும் கையைக் கொஞ்சம் நீட்டுங்க.”

நீட்டினார்கள். அவர் கிட்டே போகக்கூட வேண்டியிருக்கவில்லை. சந்தனமும் ஜவ்வாதும் கொட்டகையை நிறைத்தன.

“நான் முத்துப்பேட்டைக்காரன்” என்றார் தாசில்தார். “கருவாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்ல பொறந்தேன். நாத்தம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். இந்த நாரை உரிச்ச கை இப்படியா மணக்கும்?”

“கழுவிட்டாங்க சார்” என்றார் வக்கீல்.

“எங்க ஊர்ல கருவாடு போடுறவங்களும் காலம்பூரா கழுவிட்டுத்தான் இருக்காங்க. எந்த சோப்புன்னு சொல்லுங்க, சொல்லியனுப்புறேன்.”

சாவித்திரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். “நெசமாவே நின்னோங்க! ஒரு வாரம் நின்னோம்! சோறு எறங்கல, தூக்கம் இல்ல, அழுதுட்டே உரிச்சேங்க! பிள்ளையார் மேல சத்தியமா!”

அவள் சொன்னது அவ்வளவும் நிஜம். அந்தக் கொட்டகையில் அன்று காலை அதுவரை பேசப்பட்ட ஒரே நிஜம் அதுதான். தாசில்தார் அவள் கழுத்துச் சங்கிலியையும் நெற்றிச் சந்தனத்தையும் பார்த்தார். “உக்காருங்கம்மா” என்றார் தன்மையாக. அவள் கட்டிலிருந்து ஒரு நாரையாவது எடுத்து மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பிரயோசனம் இல்லை. அலங்காரமாக இருக்கட்டும் என்று நார்க்கட்டுகளுக்கும் பஞ்சநதம் பன்னீர் தெளித்திருந்தார்.

அப்போதுதான் குட்டையிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் வாசலுக்கு வருமுன் வாடை வந்தது. சாமிதுரை மாலையை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். தாசில்தார் மட்டும் முகம் மலர்ந்தார்.

“இதில் தலைவி யாரு?”

நீலாம்பாள் சற்று ஒதுங்கினாள். பின்னால் நின்ற கமலாம்பாள் முன்னால் வந்துவிட்டதாக ஆயிற்று. சேலை முழங்கால்வரை சேறு. முடியில் ஒரு இழை நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீங்களாம்மா? இந்த நாருக்கு என்ன பேரு?”

“புளிச்சைங்க” என்றாள். பொன்னிழை என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

“இதுல உங்க நெலம் எது?”

கமலாம்பாளின் கை மேலே போயிற்று. ஆறாம் வகுப்பில் தூக்காத கை. விரல் நுனியிலிருந்து கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது.

“அந்த நாவல் மரத்துலேருந்து நாங்க நின்ன குட்டை வரைக்குங்க. குட்டையும் சேத்தி. எட்டு மா. எங்கப்பா குடுத்தது. என்னோடதுங்க.”

பஞ்சநதம் பூரித்துப் போனார். பக்கத்தில் நின்ற வக்கீலின் விலாவில் இடித்தார். “பாத்தீங்களா, எப்படிப் பேசுறா பாருங்க! பாடம் பண்ணி வச்சது வீண் போகலை!”

தாசில்தார் சங்க விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். ‘உழைக்கும் உறுப்பினர்’ என்ற இடத்தில் விரலை வைத்து, யார் எழுதினது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். வக்கீல் பெருமையும் பயமுமாகத் தலை குனிந்தார். உழைத்த உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவியின் எட்டு மா தலைவிக்கு, மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு எட்டு மா கொடுக்க நிலம் போதாது, மிச்சமிருக்கிற முப்பத்திரண்டு மாவில் சம பங்கு. மணக்கிற உறுப்பினர்களுக்கு ஒன்றும் இல்லை. இப்படித்தான் சிபாரிசு செய்யப்போவதாக அங்கேயே சொன்னார். அது மேலே போய், கோர்ட்டுக்குப் போய், எத்தனை ஆட்சி மாறிப் பட்டாவாகத் திரும்பி வருமோ, அதை அவர் சொல்லவில்லை. நீலாம்பாளும் நம்பிவிடவில்லை. மறுநாள் உரிக்க எத்தனை கட்டு மிச்சம் என்று ராஜாத்தியிடம் விசாரித்துக்கொண்டே போனாள்.

*

உறவினர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சாவித்திரி மட்டும் வண்டியேறும்போது தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஜவ்வாது வெளுத்து, அடியிலிருந்த குட்டை வாடை மெல்லத் தலைநீட்டத் தொடங்கியிருந்தது. “இப்ப வருது பாருங்க, இப்ப வருது!” என்று அழுதாள்.

வக்கீல் பஞ்சநதத்தைத் தேற்றினார். “மத்ததுக்கு அப்பீல் போடலாம். எட்டு மா தலைவி பேர்ல தப்பிச்சுதே, அதைப் பாருங்க. அம்மாகிட்ட ஒரு பவர் எழுதி வாங்கிட்டா, அது உங்க கைக்கு வந்த மாதிரிதான். சூட்டோட சூடா வாங்கிருங்க.” அப்போதே எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார்.

கமலாம்பாள் கொல்லைப்புறத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் நார் உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் வரிசையாகத் தொங்கியது. வெயிலில் அது உண்மையிலேயே கொஞ்சம் பொன்னிறமாகத்தான் இருந்தது. சாமிதுரை பார்க்காமலே சொன்னது அந்த ஒரு விஷயத்தில் பலித்துவிட்டது.

பஞ்சநதம் காகிதத்தோடும் பேனாவோடும் வந்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொண்டார்.

“கமலம், இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“என்னங்க அது?”

“ஒண்ணுமில்ல. அந்த எட்டு மாவை நான் பாத்துக்கிறதுக்கு.”

கமலாம்பாள் காகிதத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். அது அவருடைய பேனா, தங்க மூடி போட்டது. பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருப்பது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நான் எப்படிங்க தொடுறது? கை நாறுதே.”

“பரவால்ல, தொடு.”

“நாத்தம் போற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க. உங்க பேச்சை நான் எப்பவாவது தட்டியிருக்கேனா?”

அவள் தட்டியதில்லை என்பது நிஜம்தான். அவள் முகத்தில் ஏதாவது கிண்டல் தெரிகிறதா என்று பஞ்சநதம் தேடினார். வழக்கமான முகம்தான், வழக்கமான குரல்தான்.

“சரி, கழுவிட்டு வா. புளி போட்டுத் தேய்.”

“அண்ணி தேச்சாங்களே, என்ன ஆச்சு பாத்தீங்கல்ல.”

“அப்ப எப்பத்தான் போகும் இந்த நாத்தம்?” என்று கத்தினார்.

கமலாம்பாள் யோசித்தாள். நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் கொடியில் தொங்கிய நாரைப் பார்த்தாள், குட்டை இருந்த திசையைப் பார்த்தாள்.

“தெரியலீங்க. நாளைக்கு மிச்சக் கட்டை உரிக்கணும். அப்புறம் கயிறு திரிக்கணும்னு நீலா சொல்லியிருக்கா. தையில திரும்ப விதைக்கலாம்னு இருக்கோம். என்னோட நெலத்துல.”

சொல்லிவிட்டு, நனைந்த நார் ஒன்றை எடுத்து உதறினாள். ஒரு துளி தெறித்து, காகிதத்தின் கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் விழுந்து, கறுப்பாக ஊறிப் பரவியது.

பஞ்சநதம் அதைப் பார்த்தார். பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். காகிதத்தை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டார். கொல்லைப் படலைத் திறந்தார். வெளியே போய்விட்டார்.